சிஸ்டர் வீட்டுக் கருப்பட்டி மாங்காய்

இரங்கல் கூட்டத்தில் சபைச் செயலாளர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா போடுகிற ஊறுகாய்க்கு இந்த வட்டாரத்திலேயே ஈடு கிடையாது" என்று ஆரம்பித்தார். நான் எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டேன். இறந்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்வது நாகரிகம்தான். ஆனால் ஒருவர் வாழ்நாளெல்லாம் மறுத்துவந்த வார்த்தையை, அவர் மறுக்க முடியாமல் போன முதல் வாரத்திலேயே மைக்கில் சொல்வதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் ஊறுகாய் போட்டதே கிடையாது.

ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் எதிர்ச்சாரியில் குடியிருந்தார். அறுவை அரங்கில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். அதனால் தெருவுக்கு அவர் சிஸ்டர். பிறந்த ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில், அவருடைய கிறிஸ்தவ சபையில், அக்கா. நான் உணவுப் பாதுகாப்புத் துறையில் இருந்தவன். முத்திரை உடையாத பொருள், உடைந்த பொருள் என்று உலகத்தை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பதற்குத்தான் எங்கள் இருவருக்கும் அரசாங்கம் அவ்வளவு காலம் சம்பளம் கொடுத்தது. நான் ஓய்வு பெற்றதும் அந்தப் பிரிவினையை விட்டுவிட்டேன். அவர் விடவில்லை.

அவர் செய்தது கருப்பட்டி மாங்காய். அம்மா வழியில் வந்த பக்குவம். புளிப்பேறிய சப்பட்டை மாங்காயைத் தோலோடு நறுக்கி, கருப்பட்டிப் பாகில் மெல்ல வேகவைத்து, சுக்கும் மிளகாயும் தட்டிப் போட்டு இறக்குவது. உப்பு பேருக்குத்தான். எண்ணெயும் பூண்டும் சாப்பிடும் நேரத்தில் தாளித்துக் கொட்டுவதோடு சரி. அந்தக் காலத்தில் மாங்காய் நாளில் செய்து ஒரு வாரத்துக்குள் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். அதற்கு மேல் வைத்தால் நுரைக்கும், பூஞ்சை பூக்கும். வெளியூர் போன மகளுக்கும் தம்பி வீட்டுக்கும் வருஷம் முழுக்கக் கொடுக்க வேண்டும் என்று அவர் நினைத்தபோதுதான் சொந்தக்காரர்கள் ஆலோசனை சொல்ல வந்தார்கள். உப்பைக் கூட்டு என்றார் ஒருவர். வினிகர் ஊற்று என்றார் இன்னொருவர். கடையில் ஒரு வெள்ளைப் பொடி விற்கிறது, ஒரு சிட்டிகை போட்டால் சாகும்வரை கெடாது என்றார் மூன்றாமவர். யார் சாகும்வரை என்று நான் கேட்டேன்.

சிஸ்டர் சொன்னது ஒன்றுதான். "உப்பக் கூட்டுனா அது ஊறுகா. வினிகர் ஊத்துனா அது வேற எதுவோ. எங்கம்மா செஞ்சது செஞ்சபடி இருக்கணும் சார். வேற வழி இருந்தாச் சொல்லுங்க."

வழி இருந்தது. பாட்டிலில் காற்றுப் புகாமல் அடைத்துவிடலாம், புளிப்புப் பண்டம் என்பதால் கொதிநீரே போதும், ஆட்டுக்கறிக்கும் காய்கறிக்கும் வேண்டியதுபோல் பிரஷர் குக்கர் தேவையில்லை என்று நான் சொன்னேன். மற்றதெல்லாம் அறுவை அரங்கில் அவர் தினமும் செய்ததுதான். கண்ணாடிப் பாட்டில்களைக் கொதிக்க வைப்பார். மாங்காயைச் சுடச்சுட நிரப்பி, வாய்க்குக் கீழே கொஞ்சம் இடம் விடுவார். விளிம்பைத் துடைத்து, புது மூடி போட்டு, பாட்டில் முழுக்க மூழ்குகிற தண்ணீரில் மறுபடி கொதிக்க விடுவார். பிறகு எடுத்துத் துணிமேல் வைத்துவிட்டு, டிவியை அணைத்துவிட்டு உட்கார்ந்துகொள்வார். ஆறும்போது உள்ளே காற்று சுருங்கி மூடியின் நடுப்பகுதியை இழுக்கும். டிக் என்று ஒரு சத்தம் வரும். ஒவ்வொரு பாட்டிலாகச் சத்தம் கேட்கிறவரை யார் போனாலும் பேச மாட்டார். மறுநாள் காலையில் ஒவ்வொரு மூடியையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். அசையாமல் இருந்தால் அலமாரிக்குப் போகும். டக்கென்று உள்ளே போய் மேலே வந்தால் காற்றுப் புகுந்துவிட்டது என்று அர்த்தம். அந்தப் பாட்டில் அன்றைக்கே தெருவுக்கு வந்துவிடும். எங்கள் தெருக்காரர்கள் சிஸ்டரின் கைமணத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுவார்கள். அவர்கள் தின்றதெல்லாம் பரீட்சையில் தோற்ற பாட்டில்கள். நான் உட்பட.

உப்பும் எண்ணெயும் செய்கிற காவல் வேலையை அவர் மூடியிடம் ஒப்படைத்திருந்தார். அம்மாவின் பக்குவத்தில் ஒரு சிட்டிகைகூட மாற்றாமல் வருஷம் முழுக்கக் காப்பாற்ற அது ஒன்றுதான் வழி. இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். ஆனால் ஊரில் ஒருவருக்கும் புரியவில்லை. 'வீட்டுத் தயாரிப்பு' என்று எழுதி ஒட்டிவிட்டால் கிருமிகள் மரியாதையாக விலகிப் போய்விடும் என்று நம்புகிற ஜனங்கள்.

ஒருமுறை மம்சாபுரத்திலிருந்து அவருடைய கணவரின் தம்பி வந்திருந்தார். யாரும் பார்க்காத நேரத்தில் அலமாரியில் ஒரு பாட்டிலைத் திறந்து, விரலால் தொட்டு நக்கிவிட்டு, மூடி வைத்துவிட்டார். சிஸ்டர் சாயங்காலம் அலமாரிப் பக்கம் போனவர், வரிசையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வந்து அந்த ஒன்றில் நின்றார். பாட்டிலைக் கொண்டுவந்து கொழுந்தனார் மடியில் வைத்தார்.

"இது ஒங்களுக்கு. இன்னைக்கு ராத்திரிச் சாப்பாட்டுலயே முடிச்சிருங்க."

"ஒரு விரலுதான் மதினி தொட்டேன்."

"ஒரு விரலோ பத்து விரலோ. திறந்தா திறந்ததுதான்."

"நல்லாத்தான மூடி வச்சேன்."

"மூடி வச்சீங்க, சரி. திறக்காம வைக்கலையே."

மற்ற விருந்தாளிகள் முன்னால் இப்படிச் சொல்லலாமா என்று கொழுந்தனார் அடுத்த பொங்கல் வரைக்கும் அந்த வாசல்படி மிதிக்கவில்லை. அந்தக் குடும்பத்தில் இன்றைக்கும் இது சிஸ்டரின் கர்வத்துக்கு உதாரணமாகச் சொல்லப்படுகிறது. விரலை விட்டவரின் விரலைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

வேலையில் இருந்தபோதும் இதே கதைதான். அறுவை தொடங்கப் போகிற நேரத்தில் ஒரு மருத்துவரின் சட்டைக்கை தட்டின் ஓரத்தில் உரசியதைப் பார்த்துவிட்டு, தட்டோடு கருவிகள் அத்தனையையும் எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாராம். படவே இல்லை என்று மருத்துவர் சத்தம் போட்டிருக்கிறார். புதுத் தட்டு வரும்வரை நோயாளி காத்திருந்தார், மருத்துவரும் காத்திருந்தார். கொஞ்ச நாளில் சிஸ்டருக்கு இடமாற்ற உத்தரவு வந்தது. இதை என்னிடம் சொன்னவர் அவரோடு வேலை பார்த்த ஒரு அம்மா. சிஸ்டரிடம் கேட்டபோது, "பட்டுச்சு சார், பாத்தேன்" என்றார். அதோடு முடித்துக்கொண்டார்.

அவரோடு பழகுவது சுலபம் என்று நான் சொல்லவரவில்லை. நாம் நீட்டுகிற பிஸ்கட் பாக்கெட் பிரித்திருந்தால் எடுக்க மாட்டார். எங்கள் வீட்டிலிருந்து என் மனைவி ஆசையாகக் கொண்டுபோன பாயாசத்தை, "எப்ப எறக்குனீங்க, மூடி வச்சிருந்தீங்களா" என்று விசாரித்துவிட்டுத்தான் வாங்கினார். அன்றைக்கு என் மனைவி என்னிடம் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. ஆனால் அவர் நமக்குக் கொடுக்கிற பண்டத்தை இதைவிடக் கடுமையாக விசாரித்த பிறகுதான் கொடுத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சபைக்கு அவர் ஒரே ஒருமுறைதான் கருப்பட்டி மாங்காய் கொடுத்தார். அம்மா பேரில் ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றிய வருஷம் அது. மலையடிவாரத் தோப்புகளில் காய்ப்பு மோசமான வருஷமும்கூட. கிடைத்த காயில் போட்ட பாட்டில்களில் பாதியை அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையாக எடுத்து வைத்தார். மறு பாதி மகளுக்கு. வளைகுடாவில் வேலை பார்க்கிற மகள் வெகுநாள் கழித்து அந்தக் கிறிஸ்துமஸுக்கு வருவதாக இருந்தது.

அறுப்பின் பண்டிகை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. விளைச்சலுக்கு நன்றி சொல்கிற பண்டிகை. கரும்பு, வாழைத்தார், பூசணி, கால்கட்டிய சேவல், முட்டை, முறுக்கு என்று அவரவர் கொண்டுவந்ததை முந்தின நாள் சாயங்காலமே, கோயில் என்று அவர்கள் சொல்கிற தேவாலயத்துக்குள் பீடத்தின் முன்னால் குவித்துவிடுவார்கள். காலையில் ஆராதனை. அதன்பிறகு வெளியே பந்தலில் ஏலம். அதன்பிறகு அசனம் என்கிற பொதுவிருந்து. சிஸ்டர் என்னையும் கூப்பிட்டிருந்தார். ஆட்டுக்கறிக் குழம்புக்காகத்தான் போனேன், மறைக்க ஒன்றுமில்லை.

ஆராதனை முடிந்து ஏலத்துக்குச் சாமான்களை வெளியே அடுக்கினார்கள். சிஸ்டர் தன் பாட்டில்களிடம் போய் ஒரு மூடியை அழுத்தினார். டக். அடுத்தது. டக். வரிசை முழுக்க அழுத்திக்கொண்டே போனார். அத்தனையும் டக். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"யாரு இதத் திறந்தது?"

கோயிலைப் பெருக்கி, மணியடித்து, விளக்கேற்றுகிற பெரியவர் முன்னால் வந்தார். அந்தப் பக்கத்துச் சபைகளில் அவரைக் கோயில்குட்டியார் என்பார்கள். முகத்தில் வேலை முடித்த சந்தோஷம்.

"நாந்தாம்மா. ராத்திரியே எல்லா மூடியையும் திறந்து வச்சிட்டேன். மூடிக் கெடக்க பொருளு மேல செபம் எப்பிடிம்மா எறங்கும்? பலகாரச் சட்டி, நெய்த்தூக்கு எல்லாமே வருசாவருசம் திறந்துதான வைக்கது. காலைல செபம் முடிஞ்சதும் நானே மூடிட்டேன். கை வலிக்க இறுக்கியிருக்கேன், பாருங்க."

உள்ளங்கையைக் காட்டினார். சிவந்துதான் இருந்தது. சிஸ்டர் அவரைத் திட்டவில்லை. அவரைத் திட்டுவதற்கு எனக்கும் மனசு வரவில்லை. பக்தியோடு செய்த காரியம். திட்டு வாங்க வேண்டியவர் அதற்குள் வந்து சேர்ந்தார், மைக்கைக் கையில் பிடித்தபடி.

"என்னக்கா பிரச்சினை?" என்றார் செயலாளர்.

"இந்தப் பாட்டில் எதையும் ஏலம் விடாதீங்க தம்பி. திறந்துட்டாக."

"திறந்தா என்ன? எங்க வீட்டு ஊறுகா ஜாடியத் தெனமும் திறந்து திறந்து மூடுதோம். ஒரு வருசம் கெடக்கு."

"ஒங்க வீட்டு ஜாடில எம்புட்டு உப்பு? இதுல உப்பே கெடையாது. மூடிதான் இதுக்கு உப்பு. ராத்திரி பூராத் திறந்து கெடந்திருக்கு. வச்சிருந்து சாப்பிட்டா வயித்துக்கு ஆகாது."

நான் குறுக்கிட்டு, முத்திரை உடைந்த பண்டத்தை உடையாதது போலக் கொடுப்பது சட்டப்படியும் தவறு என்று விளக்கத் தொடங்கினேன். செயலாளர் என்னைப் பார்க்காமலேயே பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். "சார் இன்னும் ஆபீஸ்லயே இருக்கதா நெனச்சிக்கிட்டிருக்காக."

பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். ஏலம் தொடங்கிவிட்டது.

அந்தச் சபையில் பஞ்சாலை வைத்திருக்கிற ஒரு அண்ணாச்சி உண்டு. வருஷா வருஷம் ஏதாவது ஒரு பொருளை மொத்தமாகக் கேட்டு, எட்டாத உயரத்துக்கு ஏற்றி எடுப்பது அவர் வழக்கம். எடுத்ததைக் கோயில் வளாகத்திலேயே இருக்கிற பிள்ளைகள் விடுதிக்குக் கொடுத்துவிடுவார். நல்ல காரியம்தான். அன்றைக்கு அவர் கண்ணில் பட்டது கருப்பட்டி மாங்காய். செயலாளரின் குரல் ஏற ஏற விலையும் ஏறியது. கடைசியில் எல்லாப் பாட்டிலும் அண்ணாச்சிக்கு. "நம்ம விடுதிப் பிள்ளைகளுக்கு, கிறிஸ்துமஸ் வரைக்கும் வச்சிச் சாப்பிட" என்று மைக்கில் அறிவித்தார்கள். கைதட்டல் அடங்கவே இல்லை.

கைதட்டலுக்கு நடுவே சிஸ்டர் எழுந்து நின்றார்.

"அண்ணாச்சி, செத்த நேரம். நீங்க பிள்ளைகளுக்குக் குடுத்தது ரொம்பச் சந்தோசம். இதே எண்ணிக்கைக்கு எங்க வீட்டுல திறக்காத பாட்டில் இருக்கு. அதக் கொண்டாந்து தாரேன். இத விட்ருங்க."

அண்ணாச்சி யோசித்தார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். "சபை முன்னால நான் எடுத்தது இதத்தான். நாளைக்கு எவனாவது, பாட்டில மாத்திட்டாருன்னு பேசுவான்லா."

"அதுவுமில்லாம வீட்டுல இருக்கது செபம் பண்ணாதது" என்றார் செயலாளர்.

இந்த வாக்கியத்தை நான் பலமுறை மனசுக்குள் புரட்டிப் பார்த்திருக்கிறேன். இத்தனை வருஷ உத்தியோகத்தில், கலப்படக்காரர்கள் சொன்ன எத்தனையோ சாக்குகளைக் கேட்டிருக்கிறேன். எலி விழுந்த எண்ணெய்க்குக்கூட இப்படி ஒரு தற்காப்பை யாரும் முன்வைத்ததில்லை.

"அப்ப இதக் கொட்டிருங்க" என்றார் சிஸ்டர்.

"காணிக்கையக் கொட்டவா? என்ன பேச்சுக்கா இது. குடுத்ததத் திருப்பிக் கேக்குறதே தப்பு." செயலாளர் மைக்கை அணைக்காமலே சொன்னார். பந்தல் முழுக்கக் கேட்டது. கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிறவள் என்ற பெயர் அவருக்கு அந்த நிமிஷத்தில் வந்தது. அவர் கொடுத்ததை அழித்துவிட்டு இன்னொரு மடங்கு கொடுப்பதாகச் சொன்னார் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள ஒருவர் இல்லை. அசனத்துக்கு மணியடித்தது, எல்லோரும் இலைக்கு ஓடினார்கள். பாட்டில்கள் விடுதிச் சமையல்கட்டுக்குப் போயின.

சிஸ்டர் என் பக்கத்தில் வந்தார். "சார், கார் கொண்டாந்திருக்கீங்கள்ல? ராஜபாளையம் போயிட்டு வந்துருவோம்."

அவர் வீட்டு அலமாரியில் இருந்த அத்தனையையும் இறக்கினோம். பாட்டில்களைப் பழைய சேலையில் சுற்றிப் பின்சீட்டில் அடுக்கித் திரும்பும்போது, "பிரேக்க மெதுவாப் போடுங்க" என்று மட்டும் சொன்னார். நான்தான் பொறுக்க முடியாமல் கேட்டேன். இந்த வருஷம் இனிமேல் மாங்காய்க்கு எங்கே போவது, மகள் வரும்போது என்ன செய்வீர்கள் என்று.

"அவளுக்கு வயித்த வலிச்சா ஆஸ்பத்திரிக்குப் போகத் தெரியும் சார். விடுதிப் பிள்ளைக யார்ட்டப் போயிச் சொல்லும்? சொன்னாலும், பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட நடிக்குதும்பாக."

விடுதிச் சமையல்கட்டில் யாரும் இல்லை. அசனப் பந்தியில் இருந்தார்கள். சிஸ்டர் அந்த முத்திரை உடைந்த பாட்டில்களைப் பின்பக்கம் முருங்கை மரத்தடிக்குக் கொண்டுபோனபோது, கோயில்குட்டியார் மண்வெட்டியோடு வந்து நின்றார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

"நான் திறந்ததுதானம்மா" என்று சொல்லிவிட்டுக் குழி தோண்ட ஆரம்பித்தார்.

ஒவ்வொன்றாகக் கொட்டினார்கள். கருப்பட்டி வாசனை அந்தக் கொல்லை முழுக்கப் பரவியது. அதை மண் போட்டு மூடுவதைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது. அம்மா பேரில் செய்த காணிக்கை. சிஸ்டர் சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பாட்டில் அடியில் ஒட்டியதைக்கூட வழித்துப் போட்டார். புதுப் பாட்டில்களைச் சமையல்கட்டு மேசைமேல் அடுக்கியதும் பெரியவர் தயங்கினார்.

"இதுக்கு ஒரு செபம் பண்ணணும்லாம்மா?"

"நீங்களே பண்ணுங்கய்யா. மூடியத் தொடாமப் பண்ணுங்க."

அவர் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, நிதானமாக ஜெபித்தார். நான் வேறு மதத்தவன். ஆனால் அன்றைக்கு முழுக்க அந்த வளாகத்தில் கேட்ட பேச்சுகளில் எனக்கு விளங்கியது அது ஒன்றுதான். சமையல்காரம்மா பந்தியிலிருந்து திரும்பியதும் சிஸ்டர் அவரை உட்கார வைத்துச் சொன்னார். ஒரு வேளைக்கு ஒரு பாட்டில், திறந்ததை அந்த வேளையிலேயே தீர்த்துவிட வேண்டும், மீதியைத் தொடக் கூடாது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முதல் பாட்டிலைத் திறந்து, கடுகும் பூண்டும் தாளித்துக் கொட்டிப் பிள்ளைகளுக்குப் பரிமாறுகிறவரை அங்கிருந்து நகரவில்லை. அசனச் சாப்பாடு எங்கள் இருவருக்கும் கிடையாது.

அடுத்த வாரம் கமிட்டி கூடியது. இரண்டு தீர்மானங்கள். முத்திரையிட்டு மூடிய உணவுப் பொருள்களைக் காணிக்கையாக இனி ஏற்பதில்லை என்பது ஒன்று. முத்திரையை உடைக்காமல் இருப்பது எப்படி என்று யாரும் பேசவில்லை, முத்திரையையே ஒழித்துவிட்டார்கள். ஏலத்தில் போன பொருளை அழித்ததற்காக அக்கா பஞ்சாலை அண்ணாச்சியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது இன்னொன்று. கேட்கவே கூடாது என்று நான் சட்டம் பேசினேன். அவர் போய்க் கேட்டார்.

"மன்னிச்சிக்கிடுங்க அண்ணாச்சி. அடுத்த தடவ இப்பிடி நடந்தாலும் கொட்டத்தான் செய்வேன்."

அண்ணாச்சி எழுந்து நின்று கும்பிட்டதாகக் கேள்வி. கமிட்டிக் குறிப்பில் முதல் வாக்கியத்தை மட்டும் எழுதிக்கொண்டார்கள்.

கிறிஸ்துமஸுக்கு மகள் வந்தாள். நானும் மனைவியும் பார்க்கப் போயிருந்தோம். மகள் காலியாக இருந்த அலமாரித் தட்டுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். முகம் சரியில்லை.

"அங்கன வேலை பாக்கிற அத்தன பேர்ட்டயும் சொல்லிவிட்டு வந்தேன்மா, கொண்டாரேன்னு. எனக்குன்னு ஒண்ணே ஒண்ணு எடுத்து வைக்கத் தோணலையா ஒனக்கு?"

சிஸ்டர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். "எண்ணிக்கைக்கு எண்ணிக்கை தாரேன்னு சபைல சொல்லிட்டேன். ஒண்ணு கொறைச்சா எப்பிடிடி?"

மகள் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டாள். பிறகு, கோபம் முழுக்க இறங்காத குரலிலேயே கேட்டாள். "அந்தப் பிள்ளைகளுக்குப் பிடிச்சுதா?"

"பிடிச்சுதாவா. ஒரு பொட்டப்புள்ள வெறும் சோத்த வச்சிக்கிட்டு, இன்னொரு தடவ ஊத்துவாங்களான்னு என் முகத்தையே பாத்துக்கிட்டிருந்துச்சு. இன்னொரு பாட்டில் திறந்தேன்."

ஒரு ஏலம், ஒரு கூட்டம், இரண்டு தீர்மானம் நடத்திய அத்தனை பெரிய மனிதர்களில் ஒருவருக்கும் அந்தக் கேள்வியைக் கேட்கத் தோன்றியிருக்கவில்லை.